காலத்தாழ்வின் கணக்கு

மெர்போக், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்குச் 'செக்ரோல்' புதிதன்று. விடியுமுன் பெரட்டுக்கு வந்தவர் எவர், வராதவர் எவர் என்பதைக் கிராணி அன்றன்றே அதில் குறித்து வைப்பார். மாத இறுதியில் தொழிலாளி தம் நினைவைக் கொண்டு வாதிட்டுப் பயனில்லை. ஏடு சொன்னதே கூலி. கட்டுமானப் பணிகளின் காலத்தாழ்வை ஆராயும் கலையும் இத்தகைய அன்றாட ஏட்டையே நம்பி நிற்கிறது.

சுங்கைப்பட்டாணி வழியாகச் செல்லும் ஈப்போ – பாடாங் பெசார் இரட்டை இருப்புப்பாதையை இவ்வட்டார மக்கள் நன்கறிவர். 329 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பணி 2008இல் தொடங்கிற்று. 2013இல் முடிந்திருக்க வேண்டும். ஆயினும், பாடாங் பெசார் வரை விரைவு மின்ரயில் ஓடியது 2015இல்தான். இத்தகைய பெரும்பணிகளில் 'ஏன் பிந்திற்று?' என்பதைவிட, 'எவரால், எத்தனை நாள்?' என்பதே பணத்தைத் தீர்மானிக்கும் வினா. பணி கொடுத்தவர் நிலத்தை உரிய நாளில் ஒப்படைக்காவிடில் ஒப்பந்தக்காரர் கால நீட்டிப்புக் கோரலாம். தாழ்த்தியவர் ஒப்பந்தக்காரரே எனில் நாள்தோறும் இழப்பீடு ஏறும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஹென்றி காண்ட் பரப்பிய பட்டை வரைபடம், எப்பணி எப்போது நிகழும் என்பதைக் காட்டிற்று. எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டவில்லை. அக்குறையை 1957இல் டூபாண்ட் நிறுவனத்திற்காக மார்கன் வாக்கரும் ஜேம்ஸ் கெல்லியும் கணினியின் துணையோடு வகுத்த முறை தீர்த்தது. நூற்றுக்கணக்கான பணிகளுள் ஒரு தொடரே முடிவு நாளை நிர்ணயிக்கிறது என்பது அதன் சாரம். பாலத்தின் தூண் எழாதபோது, நிலையத்திற்கு வண்ணம் பூசுவோர் பத்து நாள் வராவிடினும் முடிவு நாள் நகராது. பெருந்தாமதம் எல்லாம் பெருங்குற்றம் என எண்ணியிருந்தோர்க்கு இது கசப்பான பாடமே!

வழக்குகள் பெருகப் பெருக முறைகளும் பெருகின. திட்டமிட்டதையும் நடந்ததையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது எளியது. ஆனால் காரணத்தை எளிதில் மறைத்துவிடும். தாமதத்தை முதல் திட்டத்தில் செருகிப் பார்ப்பது நடவாத ஒன்றை நடந்ததாகக் காட்டக்கூடும். நடந்த வரலாற்றிலிருந்து ஒருவரின் தாமதத்தை நீக்கி, அஃதின்றேல் பணி என்று முடிந்திருக்கும் என மீளக் கணக்கிடுவதும் உண்டு. காலத்தை மாதம் மாதமாகப் பகுத்து, அவ்வம்மாதத்தில் முடிவு நாள் எவரால் நகர்ந்தது என ஆய்வது உழைப்பு மிக்கது. ஏடுகள் இருப்பின் நம்பத்தக்கதும் அதுவே. இங்கிலாந்தின் கட்டுமானச் சட்டக் கழகம் 2002இல் வெளியிட்ட நெறிமுறை ஒரு முறைக்கு முதலிடம் தந்தது. 2017ஆம் ஆண்டுப் பதிப்போ ஆறு முறைகளைக் கூறி, சூழலுக்கேற்பத் தேர்க என்றது.

மலேசியாவில் இக்கணக்கு மேலும் கூர்மையடைந்துள்ளது. ஒப்பந்தத்தில் குறித்த இழப்பீட்டைக் கோருபவர் தமக்கு நேர்ந்த உண்மை நட்டத்தை எல்லா நிலையிலும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை என 2018இல் கூட்டரசு நீதிமன்றம் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. தொகை நியாயமற்றது எனக் காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவரைச் சார்ந்தது. பெரிய நிறுவனங்கள் வல்லுநரை அமர்த்திக்கொள்ளும். நாலைந்து பேரை வைத்துக் கம்பி கட்டும் சிறு துணை ஒப்பந்தக்காரரிடம், சிமெண்டு வராத நாளையும் மழையால் வேலை நின்ற நாளையும் குறித்த ஏடு பெரும்பாலும் இருப்பதில்லை. பிறர் தாழ்த்திய நாள்களும் அவர் கணக்கிலேயே விழுகின்றன.