செஞ்சியில் பக்கத்து வீடு

இந்த எபிசோட் செஞ்சியைப் பற்றி. ஆனால் கோட்டையைப் பற்றி இல்லை. கோட்டைக்குக் கீழே ஊரில் இருந்தவங்களைப் பற்றி.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர்களோட 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்தாங்க. அதில் தமிழ்நாட்டில் இருக்கிறது செஞ்சி ஒண்ணுதான். சென்னையிலிருந்து விடியற்காலையில் பைக்கை எடுத்தால் வெயில் ஏறுவதற்குள் ராஜகிரி அடிவாரத்தில் நிற்கலாம். ஏறி முடித்து மூச்சு வாங்கும்போது யாராவது ஒருத்தர் உங்களுக்குத் தேசிங்கு ராஜா கதையைச் சொல்லாமல் விடமாட்டாங்க. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து ‘ராஜா தேசிங்கு’ என்று படமே வந்த கதை அது.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. தேசிங்கு என்கிற தேஜ் சிங் ஒரு ராஜபுத்திர இளைஞன். அவனுடைய அப்பா சொரூப் சிங் முகலாயர்களுக்காகச் செஞ்சியைப் பார்த்துக்கொண்டவர். அப்பா இறந்ததும் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் வரிப்பாக்கியைக் கேட்கிறார். பையன் கட்ட மறுக்கிறான். 1714 அக்டோபரில் சண்டை. தேசிங்கு சிங்கவரம் ரங்கநாதரைக் கும்பிடுகிறவன். அவனோட உயிர் நண்பன் மகபத்கான் ஒரு முஸ்லிம். நாட்டுப்பாடல் என்ன சொல்லுதுன்னா, மகபத்கானுக்குக் கல்யாணம் நடக்கிற நேரத்தில்தான் ஓலை வருது. மாப்பிள்ளை அப்படியே குதிரை ஏறிப் போருக்கு வந்துவிடுகிறான். இரண்டு பேருமே அந்தச் சண்டையில் செத்துப்போனார்கள். கடலி பக்கத்தில் நீலாம்பூண்டியில் மகபத்கான் சமாதி என்று இன்றும் காட்டுறாங்க.

மத நல்லிணக்கம் என்றால் செஞ்சிக்காரங்க உடனே எடுத்து வைக்கிற கதை இதுதான். நல்ல கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் இது நட்பின் கதை. நண்பனை நாம் தேர்ந்தெடுக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரன் அப்படி இல்லையே, அவன் அமைகிறவன். அவனுடைய சாமி, சாப்பாடு, அவன் வீட்டு மணிச் சத்தம், அவன் சாதி எல்லாமே நம்மைக் கேட்காமல் நம் சுவரை ஒட்டி இருக்கும். ‘பிறனை நேசி’ என்று ஒரு மதம் சொல்லும்போது அது நண்பனைப் பற்றிப் பேசவில்லை. நண்பனை நேசிக்க வேதம் எதற்கு?

அந்த 1714 போரே மதப் போர் இல்லை, வரிப் போர். நவாபின் வெற்றியைப் பாரசீகத்தில் புகழ்ந்து எழுதிய ஜஸ்வந்த் ராய் ஓர் இந்து. அதனால் தேசிங்கு கதையை இத்தோடு வைத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் போவோம்.

1597. விஜயநகரத்துக்குக் கீழே செஞ்சியை ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். அந்த வருஷம் நிக்கோலஸ் பிமெண்டா என்கிற ஏசு சபைப் பாதிரியார் செஞ்சிக்கு வருகிறார். இங்கே பார்த்ததை ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். நாயக்கர் அவரை மரியாதையோடு வரவேற்றார். தன் ஆட்சிப் பகுதியில் கிறிஸ்தவர்கள் கோயில் கட்டிக்கொள்ளவும் அனுமதி கொடுத்தார். யோசிச்சுப் பாருங்க, கடல் தாண்டி வந்த, மொழி தெரியாத, வேறு மதத்துக்காரர். அவருக்கு இவ்வளவு கிடைத்தது.

அதே பிமெண்டா, அதே பயணத்தில், சிதம்பரத்தில் நடந்த இன்னொன்றையும் எழுதுகிறார். நடராஜர் கோயிலுக்குள்ளேயே கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதி இருக்கு, போனவங்களுக்குத் தெரியும். அதை வைத்துச் சைவர்களுக்கும் வைணவர்களுக்கும் பல நூறு வருஷச் சண்டை. இரண்டாம் குலோத்துங்கச் சோழன் அந்தப் பெருமாளைக் கடலில் எறிந்தான் என்று ஒட்டக்கூத்தர் பாடல்களே பெருமையாகச் சொல்லும். பிறகு விஜயநகரத்து அச்சுதராயர் திரும்பப் பிரதிஷ்டை செய்தார். கிருஷ்ணப்ப நாயக்கர் வைணவர். சந்நிதியைப் பெரிதாகக் கட்டப் போனார். தீட்சிதர்கள் எதிர்த்தார்கள். வேலையை நிறுத்தாவிட்டால் கோபுரத்திலிருந்து குதிப்போம் என்றார்கள். நிறுத்தவில்லை. குதித்தார்கள். பிமெண்டா அங்கே இருந்தபோதே சுமார் 20 பேர் இறந்திருந்தார்கள். கோபம் தணியாத நாயக்கர் மற்றவர்களைச் சுடச் சொன்னார். இரண்டு பேர் குண்டடிபட்டுச் செத்தார்கள். ஒரு பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டாள் என்றும் அந்தக் கடிதம் சொல்லுது.

கடல் தாண்டி வந்த விருந்தாளிக்கு இடம் கொடுத்த அதே மனுஷன், ஒரே கோயில் சுவருக்குள் இருந்த பக்கத்துச் சந்நிதிக்காரர்களைச் சுடச் சொன்னார். தூரத்து ஆளை நேசிப்பது ராஜாக்களுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. அவனால் நமக்கு நஷ்டமில்லை, ஒருவேளை வியாபாரமும் வரும். பிமெண்டாவையும் இதில் விட்டுவிட முடியாது. பிறனை நேசிக்கச் சொல்வதையே தலையாய கட்டளையாக வைத்திருக்கிற மதம் அவருடையது. அவருடைய ஆட்களின் தலைமையிடமான கோவாவில் 1560இலிருந்தே மத விசாரணை மன்றம் நடந்துகொண்டிருந்தது. 1567இல் பக்கத்துச் சால்செட்டில் கோயில்கள் இடிக்கப்பட்டன. செஞ்சியில் அவருக்குக் கிடைத்த அனுமதி, கோவாவில் ஓர் இந்துவுக்குக் கிடைக்காது.

இனி நான் உண்மையில் பேச வந்த கதை. செஞ்சிச் சமணர்களின் கதை.

சமணம்னா நம்மில் பலருக்கு சௌகார்பேட்டை மார்வாடிக் கடைகள்தான் ஞாபகம் வரும். தமிழ்ச் சமணர்கள் வேறு. நயினார் என்பார்கள். தாய்மொழி தமிழ், செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி வட்டாரத்தில் நிலம் உழுதவங்க. செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கியிருக்காங்க. சந்திரநந்தி என்கிற துறவி 57 நாள் உண்ணாமல் இருந்து அங்கே உயிர் விட்டதை ஒரு பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்லுது. கோட்டை எழும்புவதற்குப் பல நூறு வருஷம் முன்னாடி. அதாவது செஞ்சியில் யார் பழைய குடி என்று கேட்டால் பதில் அந்தப் பாறையில் இருக்கு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கதைகள் எழுதி வாங்கினார்கள். அந்தச் சுவடிகளில் வருகிற, 1909இல் தர்ஸ்டனும் எடுத்து எழுதிய வாய்மொழிக் கதை இது. வருஷம் 1478 என்று கதை சொல்லும். செஞ்சியில் நாயக்கர் ஆட்சி உறுதிப்பட்டது 16ஆம் நூற்றாண்டில் என்பதால் அந்த வருஷத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு சமூகம் தனக்கு என்ன நடந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது என்பதாக இதைக் கேளுங்க.

செஞ்சியை ஆண்ட வேங்கடபதி, பிறப்பால் தாழ்ந்தவன் என்று அந்தக் கால மேல்சாதிகளால் கருதப்பட்டவன். ‘உங்கள் பெண் ஒருத்தியை எனக்குக் கட்டிக் கொடுங்கள்’ என்று உள்ளூர்ப் பிராமணர்களைக் கேட்டான். அவர்கள் முடியாது என்று சொல்லவில்லை. ‘சமணர்கள் முதலில் கொடுக்கட்டும், பிறகு நாங்களும் கொடுக்கிறோம்’ என்றார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துவோம். இந்தக் கதையில் ரத்தம் பிறகுதான் வருது. ஆனால் முதல் துரோகம் இந்தப் பதில்தான் என்று நினைக்கிறேன். தன் வாசலுக்கு வந்த ஆபத்தைக் கைகாட்டிப் பக்கத்து வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ராஜா சமணர்களிடம் போனான். அவர்கள் கூடிப் பேசினார்கள். சரி என்று ஒப்புக்கொள்வதுபோல நடித்து நாள் குறித்தார்கள். அந்த நாளில் மாப்பிள்ளை ஊர்வலமாக வந்து பார்த்தால் வீடு காலி. திண்ணைத் தூணில் ஒரு பெட்டை நாய் கட்டியிருந்தது.

சமணர்கள் தண்ணீரைத் துணியால் வடிகட்டிக் குடிப்பவர்கள், கண்ணுக்குத் தெரியாத உயிர்கூடச் சாகக்கூடாது என்று. இருட்டிய பிறகு சாப்பிட மாட்டார்கள், அதே காரணம். அந்த அளவுக்கு உயிரை மதித்தவர்கள், ஒரு மனுஷனின் பிறப்பைக் கேலி செய்ய ஒரு நாயைக் கட்டிவிட்டுப் போனார்கள். பெண்ணைக் கொடுக்க மறுப்பது அவர்கள் உரிமை. அதிகாரத்தில் இருக்கிறவன் பெண் கேட்பதே ஒரு மிரட்டல்தான். அதற்காக அந்த நாய் சரியாகிவிடாது. அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது கதையில் எங்கேயும் இல்லை.

சமணர்கள் எல்லோர் தலையையும் வெட்டச் சொன்னான் ராஜா. அவமானப்படுத்தியது சிலர், தண்டனை ஒரு மதத்துக்கே. சிலர் கொல்லப்பட்டார்கள். சிலர் ஓடினார்கள். பலர் பூணூலைக் கழற்றிவிட்டு நெற்றியில் திருநீறு பூசிச் சைவர்களானார்கள். ‘நீறுபூசி வேளாளர்’ என்றொரு பெயர் இந்த வட்டாரத்தில் இருந்ததே இதனால்தான் என்று சொல்வார்கள். இன்னும் சிலர் ரகசியமாகத் தங்கள் மதத்திலேயே இருந்தார்கள்.

எனக்கு அந்த ரகசியம் என்கிற சொல்தான் உறுத்துது. கிராமத்தில் ரகசியம் எங்கே இருக்கு? ஒரு வீட்டில் விளக்கு வைப்பதற்கு முன்னால் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள், குடத்து வாயில் துணி கட்டித் தண்ணீர் எடுக்கிறார்கள் என்றால் எதிர் வீட்டுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். அந்த வீடுகள் தப்பித்திருக்கிறது என்றால், எதிர் வீட்டில் திருநீறு பூசிய யாரோ வாயைத் திறக்கவில்லை. இது கதையில் இல்லை, என் யூகம். ஆனால் வேறெப்படி நடந்திருக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

மாட்டிக்கொண்டவரும் உண்டு. திண்டிவனம் பக்கம் வேலூர் என்கிற கிராமத்தில் வீரசேனாச்சாரியார் ஒரு கிணற்றில் சமணச் சடங்கு செய்துகொண்டிருந்தபோது ராஜாவின் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். அன்றைக்கு ராஜாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது, சந்தோஷத்தில் விட்டுவிட்டான். அவர் உயிர் பிழைத்தது நீதியால் இல்லை, ராஜாவின் மூடால். பிறகு அவர் கர்நாடகத்தில் சிரவணபெளகொளாவுக்குப் போய்த் துறவியானார்.

‘அந்தக் காலம் அப்படி, யாருக்கும் வேறு மாதிரி நடக்கத் தெரியாது’ என்று இதற்குச் சமாதானம் சொல்வாங்க. வீரசேனாச்சாரியார் போய்ச் சேர்ந்த அதே சிரவணபெளகொளாவில் 1368ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று நிற்குது. விஜயநகரத்து முதலாம் புக்கராயர் காலம். ஆனைக்குந்தி, பெனுகொண்டா போன்ற ஊர்ச் சமணர்கள், வைணவர்கள் தங்களுக்கு அநியாயம் செய்வதாக முறையிட்டார்கள். திருவரங்கம், திருப்பதி, காஞ்சி, மேலுக்கோட்டை ஆச்சாரியர்களும் இருந்த சபையில், புக்கர் சமணர்களின் கையைப் பிடித்து வைணவர்களின் கையில் வைத்தார். சமண தரிசனத்துக்கு வருகிற கேட்டைத் தங்களுக்கு வந்த கேடாக வைணவர்கள் நினைக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அடுத்து வருது. நேசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடவில்லை. பெளகொளாவின் தெய்வத்துக்குக் காவலாக 20 ஆட்களைத் திருமலைத் தாத்தய்யா நியமிக்க வேண்டும், மீதிப் பணத்தில் சிதைந்த சமணக் கோயில்களுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று வேலை பிரித்துக் கொடுத்தார். சமணக் கோயிலுக்கு வைணவர் காவல், சுண்ணாம்புச் செலவு உட்பட! (அந்தப் பணத்தை வீட்டுக்கு வருஷம் ஒரு பணம் என்று சமணர்களிடமே வசூலித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அதனால் ‘தெரியாது’ என்பது பொய். தெரிந்திருந்தது, கல்லில் வெட்டியும் வைத்திருந்தார்கள்.

செஞ்சிக் கதையில் இன்னொருவர் மிச்சம் இருக்கார். தாயனூர் காங்கேய உடையார். அவரும் தப்பி ஓடிய சமணர்தான். அவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் உடையார்பாளையம் ஜமீன்தார், இன்றைய அரியலூர் மாவட்டத்துப் பக்கம். சும்மா தங்க வைக்கவில்லை, நிலமும் கொடுத்தார். அந்த தைரியத்தில் காங்கேய உடையார் சிரவணபெளகொளா போய் வீரசேனாச்சாரியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் செஞ்சிச் சீமையில் ஊர் ஊராகச் சுற்றி, திருநீறு பூசிக்கொண்டவர்களைத் திரும்ப அழைத்தார்கள். நிறையப் பேர் வந்தார்கள். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற மேல்சித்தாமூர் மடம்தான் இன்றும் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம். அடுத்த தடவை கோட்டைக்குப் போனால் அங்கேயும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க, அதிக தூரமில்லை.

அந்த நன்றிக்காகத் தாயனூர்க் குடும்பத்தாருக்கு விசேஷங்களில் முதல் வெற்றிலை பாக்கு கொடுப்பதையும், சித்தாமூர் மடாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு இருந்ததையும் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். உடையார்பாளையத்து ஜமீன்தாரின் பெயரை மட்டும் கதை சொல்லவில்லை. ஓடி வந்த ஒரு வேற்று மதக்காரனுக்கு நிலம் கொடுத்தார் என்பதோடு அவர் கதையிலிருந்து போய்விடுகிறார்.