செவ்வந்தி முத்திரை

பழம்பொருள் சேர்ப்போர் பலவகையினர். நாணயம் சேர்ப்போரையும், தபால் தலை சேர்ப்போரையும், ஓலைச்சுவடி சேர்ப்போரையும் நம்மவர் அறிவர். யுத்தம் முடிந்தபின் இராணுவங்கள் கழித்துவிட்ட துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்போரும் மேல்நாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், மிகப் பலர் உளர். கொலைக் கருவியைச் சேர்ப்பதில் என்ன அறிவு விளையும் என்று கேட்பது நியாயமே. ஆயினும் அவர்களுள் ஆராய்ச்சி நோக்குடையோர் தேடுவது கருவியின் கொல்லும் ஆற்றலை அன்று. அதன் மேனியில் பொறிக்கப்பட்ட சரித்திரத்தையே தேடுகின்றனர். அச்சரித்திரத்தில் நமக்கும் பங்குண்டு என்பதனால் அதனைச் சிறிது ஆராய்வோம்.

அவர்கள் பெரிதும் விரும்புவது 'போல்ட்' துப்பாக்கியாகும். கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற இரும்புத் தண்டொன்றைக் கையால் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வெந்த தோட்டாக்கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளித் தாழ்த்தினால் புதிய தோட்டா குழலுக்குள் சென்று பூட்டிக்கொள்ளும். இரண்டு உலக யுத்தங்களிலும் காலாட்படையினர் பெரும்பாலோர் ஏந்திய கருவி இவ்வகையினதே. ஆங்கிலேயருக்கு லீ-என்பீல்டு, ஜெர்மானியருக்கு மௌசர், ருஷ்யருக்கு மோசின் என்பனபோல ஜப்பானியருக்கு வாய்த்தது அரிசாகா. 1897இல் முதலில் இதனை வகுத்த அரிசாகா நரியாகிரா என்னும் இராணுவ அதிகாரியின் பெயரே கருவிக்கும் நிலைத்தது. 1905இல் நம்பு கிஜிரோ என்பவர் அதனைத் திருத்தி அமைத்தார். மெய்ஜி மன்னரின் 38ஆம் ஆட்சியாண்டு அதுவாகையால் அது '38ஆம் வகை' எனப்பட்டது. 6.5 மில்லிமீட்டர் குழலும் ஏறத்தாழ 128 செண்டிமீட்டர் நீளமும் கொண்டது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய படையினரின் தோளில் இருந்ததும் இவ்வகைத் துப்பாக்கியே.

இனி அதனைப் படிக்கும் முறையைப் பார்ப்போம். குழலின் அடிப்பாகத்தின் மேல், கண்ணுக்கு நேராக, பதினாறு இதழ்கொண்ட செவ்வந்திப் பூவொன்று செதுக்கப்பட்டிருக்கும். அது ஜப்பானியச் சக்கரவர்த்தியின் முத்திரை. அதன்கீழ் எந்த வகை என்பது ஜப்பானிய எழுத்தில் இருக்கும். இடப்புறத்தில் வரிசை எண்ணும், செய்த தொழிற்சாலையின் குறியும் இருக்கும். ஒன்றோடொன்று கோத்த நான்கு வட்டங்களைக் கண்டால் அது முதலில் தோக்கியோத் தொழிற்சாலையின் குறி. 1923ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பத்தில் அத்தொழிற்சாலை சிதைந்தபின் வேலை படிப்படியாகக் கோக்குரா நகருக்குப் பெயர்ந்தது. குறியும் உடன் பெயர்ந்தது. 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் இரண்டாவது அணுகுண்டைச் சுமந்த விமானம் முதலில் நாடிச் சென்ற இலக்கு இந்தக் கோக்குராத் தொழிற்சாலையே. வானம் தெளியாமையால் குறி காண இயலாது, விமானம் நாகசாகிக்குத் திரும்பிற்று. விரல் நுனியளவான ஒரு குறியில் ஒரு நகரம் பிழைத்த கதையும், மற்றொரு நகரம் மாண்ட கதையும் அடங்கியிருக்கின்றன.

1939இல் வந்த '99ஆம் வகை' இன்னும் தெளிவாகப் பேசுகிறது. தொடக்க காலத்தில் செய்தவற்றில் துருப் பிடியாதிருக்கக் குழலின் உட்புறத்துக்குக் குரோமியம் பூசினர். தரையில் ஊன்றக் கம்பிக்கால் வைத்தனர். விமானத்தைக் குறிபார்க்கவென்று மடக்குச் சட்டங்களும் அமைத்தனர். யுத்தம் தோல்வியை நோக்கித் திரும்பத் திரும்ப ஒவ்வொன்றாக மறைந்தன. கம்பிக்கால் போயிற்று, சட்டங்கள் போயின, குரோமியப் பூச்சும் போயிற்று. அடிக்கட்டையின் இரும்புத் தகடு போய் மரத்துண்டு வந்தது. கடைசி நாட்களில் செய்தவற்றில் அரத்தின் கீறல்களைத் தேய்த்து மெருகிடவும் நேரம் இருக்கவில்லை. வெற்றி வெற்றியென்று அரசாங்கம் முழங்கிய அதே மாதங்களில் தொழிற்சாலை இரும்பு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பத்திரிகையைத் தணிக்கை செய்யலாம். அரத்தின் கீறலைத் தணிக்கை செய்ய எவராலும் ஆகாது.

'மூலநிலை' என்று சேகரிப்போர் சொல்வதன் பொருள் இங்கே விளங்கும். மூலநிலை வேறு, புதுநிலை வேறு. போல்ட்டில் உள்ள எண் குழலின் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். மரம் சுரண்டப்படாமல் இருக்க வேண்டும். கருமை மங்கியிருந்தால் மங்கியபடியே இருக்க வேண்டும். அறியாதார் இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்த அரிசாகாவின் அடிக்கட்டையைக் கண்டு, விரிசல் என்று எண்ணி மெழுகிட்டு மூடுவர். மரத்தைச் சிக்கனப்படுத்தவும் உறுதிப்படுத்தவும் ஜப்பானியரே கொண்ட முறை அது. யுத்தத்துக்குப் பின் அமெரிக்க வேட்டைக்காரர் பலர் இத்துப்பாக்கிகளின் மரத்தை அறுத்துக் குறுக்கினர். எண்ணற்ற சாட்சியங்கள் அவ்வாறு அழிந்தன.

ஆயினும் பெரிய வழக்கு அந்தப் பூவைப் பற்றியதே. 1945இல் சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளுட் பெரும்பாலானவற்றில் செவ்வந்தி முத்திரை தேய்த்து அழிக்கப்பட்டிருந்தது. போர்க்களத்தில் கைப்பற்றியவற்றிலோ அது பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஆகவே பூவுள்ள துப்பாக்கிக்கு விலை அதிகம். விலை அதிகமாகவே, அழிந்த இடத்தில் மீண்டும் பூச்செதுக்கி விற்கும் மோசக்காரரும் தோன்றினர்.

நம் தமிழ் நூல்களுக்கு நேர்ந்ததும் இதுவே அன்றோ? ஓலையில் செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியன் உண்மையாளன். தன் சொந்த அடியை அங்கே நுழைத்துப் பழம்புலவன் பாடியதென்று சொல்பவன் இடைச்செருகல் செய்பவன். புதிதாகச் செதுக்கிய செவ்வந்தி இரும்பில் செய்த இடைச்செருகல். மேலும், தேய்ந்த அந்த வெற்றிடம் குறையும் அன்று. ஒரு சாம்ராச்சியம் முடிந்தது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான சாசனம் வேறில்லை. அதனை நிரப்புபவன் பூவைத் திருப்பித் தரவில்லை, சாசனத்தை அழிக்கிறான்.

பூ ஏன் தேய்க்கப்பட்டது என்பதையும் நினைக்க வேண்டும். அத்துப்பாக்கி படைவீரனுடையது அன்று, சக்கரவர்த்தியுடையது என்று அவனுக்குப் போதிக்கப்பட்டது. அதனைக் கீழே போட்டவன் அடிபட்டான். அதே படைவீரனின் உயிரோ மலிவாகக் கருதப்பட்டது. தெய்வத்தின் உடைமை எதிரியின் கையில் சேரலாகாதென்று பூவை அழித்தவர்கள், அந்தப் பூவுக்காக மாண்ட இலட்சக்கணக்கான இளைஞரை எண்ணினார்களா? பூ அழிந்து சில மாதங்களில், 1946 ஜனவரி 1ஆம் நாள், சக்கரவர்த்தியே தாம் தெய்வம் என்னும் கருத்து பொய்க் கருத்தென்று அறிக்கை விடுத்தார். இரும்பைப் புனிதமாக்கினால் மனிதன் மலிவாகிவிடுவான். ஆண்டுக்கொருமுறை கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அக்கருவியைப் பிடித்து உழைத்தவனை மறந்துவிடும் நம்மவரும் இப்பாடத்தைக் கேட்கலாம்.

நம் நாடுகளில் இத்துப்பாக்கியை எவரும் வீட்டில் சேர்த்துவைக்க எண்ணலாகாது. மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் துப்பாக்கிக் குற்றங்களுக்கு மிகக் கடிய தண்டனைகளை வகுத்துள்ளன. அது நன்றே. அருங்காட்சிசாலையின் கண்ணாடிப் பெட்டியே அதற்கேற்ற இடம். ஆனால் அப்பெட்டியின் சீட்டில் வகை, குழலின் அளவு, தொழிற்சாலை என்பவற்றோடு எழுத்து முடிந்துவிட்டால், அதுவும் ஒருவகையில் பூவைத் தேய்ப்பதேயாகும்.

1942 முதல் 1943 அக்டோபர் வரை, சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் அங்கே கொண்டுபோகப்பட்டனர். வாந்திபேதியாலும் பசியாலும் அடியாலும் மாண்டோர் மிகப் பலர். அவர்களுக்குக் காவல் நின்றவரின் கையில் இருந்தது பூப்பொறித்த துப்பாக்கி. அத்துப்பாக்கிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. அமெரிக்கச் சேகரிப்பாளர் அவ்வெண்களைத் தொகுத்து நூல்களும் எழுதியுள்ளனர். காட்டில் புதைந்த நம்மவருள் பெரும்பாலோருக்கு எண்ணும் இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை.

இரும்புக்குக் காட்டிய அந்த நுட்பத்தை மனிதருக்கும் காட்டுவதே நம் முன் நிற்கும் வேலை. சயாமுக்குப் போய் மீளாத பாட்டன், பெரியப்பன், தாய்மாமன் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருப்பின், அவர் பெயர், தோட்டத்தின் பெயர், புறப்பட்ட ஆண்டு ஆகிய மூன்றையும் வீட்டில் மூத்தோரைக் கேட்டு எழுதிவையுங்கள். தெரியாததைத் தெரியாததென்றே எழுதுங்கள். அழகுக்காக எதையும் சேர்க்காதீர்கள். செல்லரித்த இடம் செல்லரித்ததாகவே நிற்கட்டும். அத்தகைய ஏடுகள் ஒருநாள் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் அருகே வைக்கப்படுமானால், அன்றுதான் அத்துப்பாக்கியின் சரித்திரம் முழுமை பெறும்.