எனாமலின் காயம்: மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

பாரசீகத்தில் ‘பிங்கான்’ என்பது உலோகக் கிண்ணம். அடியில் துளையிட்ட அக்கிண்ணம் நீரில் அமிழ எடுக்கும் நேரத்தைக் கொண்டு பாசனப் பங்கை அளந்தனர். கடல்வழி வந்த அச்சொல் தமிழில் ‘பீங்கான்’ எனவும் மலையாளத்தில் ‘பிஞ்ஞாணம்’ எனவும் நிலைத்து, மெருகேற்றிய மண்கலத்தைக் குறிக்கலாயிற்று. பின்னர் எனாமல் பூசிய இரும்புத் தட்டுகள் வந்தபோது, மலையாளிகள் அவற்றைக் ‘கவடிப் பிஞ்ஞாணம்’ என்றனர். உலோகத்தில் தொடங்கிய சொல் மண்ணைச் சுற்றி உலோகத்திற்கே திரும்பியது.

இப்பெயர் மாற்றத்தில் ஒரு தொழில்நுட்ப உண்மை உண்டு. மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளியின் தரையில் 18-ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின் நீலச் சித்திரங்களைக் காப்பது மண்ணின்மேல் உருகிப் படிந்த கண்ணாடிப் படலம். அதே தெருவின் பழம்பொருட் கடைகளில் கிடக்கும் எனாமல் கலங்களில் அப்படலம் இரும்பின்மேல் படிந்துள்ளது. குளியல் தொட்டியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அமெரிக்காவில் ஜான் மைக்கேல் கோலர் 1883-இல் கால்நடைத் தொட்டி ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி, எனாமல் பொடி தூவிக் குளியல் தொட்டியாக்கினார் என்பது அந்நிறுவனத்தின் மரபுச் செய்தி.

கண்ணாடியும் இரும்பும் கூடி வாழ்வது எளிதன்று. கனமான பொருள் விழுந்தால் கண்ணாடி சில்லாகப் பெயரும். வெளிப்பட்ட இரும்பு துருப்பிடிக்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதால், சுற்றியுள்ள எனாமலை அடியிலிருந்து நெம்பிப் பெயர்க்கிறது. உப்புக்காற்றும் நீண்ட மழைக்காலமும் உள்ள கொச்சியில் சிறு காயம் விரைந்து பெருகுவது இதனால்தான்.

பித்தளைப் பாத்திரத்திற்கு இந்நிலை இல்லை. ஈயம் பூசுபவர் தெருவோரக் கரியடுப்பிலேயே அதைப் புதுப்பித்துவிடுவார். அவர் பூசும் வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகும். எனாமலுக்கோ ஏறத்தாழ 800 பாகை வெப்பமும் சூளையும் தேவை. ஆகவே, வீட்டில் செய்யப்படுவது எனாமலிடுதல் அன்று. எபாக்சிப் பிசினால் காயத்தை மூடுதலே.

அதற்கும் ஒழுங்கு உண்டு. துருவை இரும்பு தெரியும்வரை நீக்க வேண்டும். சோப்புப் படிவையும் எண்ணெய்ப் பசையையும் கழுவி முற்றிலும் உலர்த்த வேண்டும். பிசினை ஒரே கனத்த பூச்சாக அன்றி, மெல்லிய அடுக்குகளாக இட்டு, ஒவ்வொன்றும் இறுகக் காத்திருக்க வேண்டும். துருவின்மேல் பூசினால் காயம் கண்ணுக்கு மறையும். அரிப்போ உள்ளே தொடரும். பழைய எனாமல்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் உலர்நிலையில் தேய்த்தல் தீங்கானது. நீர் நனைத்து, முகக்கவசத்துடன் தேய்ப்பதே முறை. சில்லு பெயர்ந்த பழந்தட்டில் உணவு பரிமாறாமலிருப்பதும் அதே காரணத்தால்தான்.

மட்டாஞ்சேரியின் பழைய வீடுகள் பல இன்று விடுதிகளாக மாறிவருகின்றன. அங்கே சில்லு பெயர்ந்த தொட்டியைக் கழித்துவிடுவது எளிய வழி. பளபளப்பாக மூடிவிடுவது அதனினும் எளியது. ஆனால், பொருட்பண்பாட்டை ஆராயும் மாணவருக்கு அச்சில்லின் விளிம்பே சான்று. இரும்பு வார்ப்பா தகடா, எனாமல் ஒரு பூச்சா இரண்டா என்பது அங்குதான் தெரியும். பழுதுபார்க்கும் முன் அவ்விளிம்பை ஒளிப்படமெடுத்து, அளவு குறித்து வைத்தால் பொருளும் பிழைக்கும், அதன் வரலாறும் பிழைக்கும்.