தோல் தறிக்கு, சதை கழுகுக்கு

சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குப் பிக்கரைத் தெரியும். நாடாவை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அடித்து அனுப்புகிற, உள்ளங்கையில் அடங்கும் துண்டு அது. என் அய்யன் தறி போட்ட காலத்தில் எருமைத்தோலில் செய்த பிக்கர்தான். நாள் முழுக்க அடி வாங்கும். வாய் கிழிந்தால்தான் மாற்றுவோம். மாட்டுத்தோலுக்கு அப்படி ஒரு வழி இருந்தது. சதைக்கும் ஒரு வழி இருந்தது. அதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

கவலை இறைக்க, ஏர் ஓட்ட, பருத்தி வண்டி இழுக்க என்று கொங்குச் சீமை முழுக்கக் காளைகளை நம்பியிருந்த காலம். மாடு செத்தால் ஊருக்கு வெளியே பள்ளத்தோரம் இழுத்துப் போடுவார்கள். தோல் உரிக்கும் வேலையைச் சாதி, அருந்ததியர் தலையில் கட்டியிருந்தது. அவர்கள் உழைப்புக்கு உரிய மரியாதையை ஊர் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிச்சத்தைப் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் பார்த்துக்கொள்ளும். "காத்தால போட்டா பொழுதுசாய எலும்புதாங் கண்ணு கெடக்கும்" என்பார் அய்யன். நாற்றம் இல்லை, நாய்க்கூட்டம் இல்லை. அழுகிய இறைச்சியில் உள்ள கிருமிகள் பலவற்றை அந்தப் பறவையின் வயிற்று அமிலமே அழித்துவிடும்.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் பூசாரி கையால் சோறு வாங்க வந்த மஞ்சள்முகப் பாறுகள் 1990களின் இறுதியோடு வராமல் போயின. அதே பத்தாண்டில் ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் பாறுகள் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, அப்படியே செத்து விழுவதை ஆய்வாளர் விபு பிரகாஷ் கண்டார். நாடு முழுக்க ஒரு காலத்தில் சாதாரணமாகத் திரிந்த வெண்முதுகுப் பாறுகளில் 100க்கு 99க்கு மேல் அழிந்தன. யாரும் வேட்டையாடவில்லை.

காரணம் 2004இல்தான் தெரிந்தது: டைக்ளோஃபினாக். மடி வீங்கிய பசுவுக்கும் கால் நொண்டிய காளைக்கும் வலி தீரப் போட்ட, விலை மலிவான ஊசி. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் உப்பாகி உள்ளுறுப்புகளில் வெள்ளையாகப் படியும். நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவாக இந்த மருந்து இருந்தாலே போதும், இனம் சரிந்துவிடும். ஒரு சோடி ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து சோடி சேர ஏறக்குறைய ஐந்தாண்டு ஆகும். போனதை ஈடுகட்ட அதற்கு அவகாசமே கிடைக்கவில்லை.

2006இல் மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதை அரசு தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015இல் அந்தக் குப்பியை 3 மில்லியாகக் குறைத்தார்கள். பாறுகளுக்கு இதேபோல் ஆபத்தான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்துகள் இரண்டும் 2023இல் கால்நடைக்குத் தடையாயின.

இன்று நமக்கு வடக்கே, பவானிசாகர் அணைக்கு மேலே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இந்த இனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெண்முதுகு, கருங்கழுத்து, செம்முகம், மஞ்சள்முகம் என நான்கு வகைப் பாறுகளை அங்கே பார்க்கலாம். ஆற்றோர நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பு அங்குள்ள கிராமங்களில் மாடு வளர்ப்போரிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் ஆண்டுக்கணக்கில் பேசி வருகிறது.

இது காட்டு இலாகாவின் வேலை என்று நாம் ஒதுங்க முடியாது. இந்தப் பறவையைக் கொன்றது தொழுவத்தில் போட்ட ஊசி. காப்பாற்றுவதும் அங்கேதான் தொடங்க வேண்டும். மாட்டுக்கு வலி தீர மெலாக்சிகாம் இருக்கிறது, அது பாறுகளைக் கொல்லாது. சிறுத்தை அடித்த மாட்டில் பழிவாங்க விஷம் வைப்பது காட்டோரங்களில் நிற்க வேண்டும். அதற்கு இழப்பீடு காலத்தில் கைக்கு வர வேண்டும். நம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள், வைத்தியர் பையைத் திறக்கும்போதே என்ன மருந்து என்று கேளுங்கள், குப்பியை வாங்கிப் பெயரைப் படியுங்கள். மெலாக்சிகாம் இல்லை என்றால் கால்நடை மருந்தகத்தில் எழுதிக் கொடுத்து வரவழையுங்கள்.