தோலும் தண்ணீரும்

குடிக்கிற தண்ணீர் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க நம் பாட்டன்மாருக்கு நாக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. தண்ணீரில் அவர்களுக்குத் தெரிந்த ஜாதி இரண்டுதான்: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரில் பருப்பு வேகும். உப்புத் தண்ணீரில் வேகாது. கலங்கலாக இருந்தால் தேற்றான்கொட்டையை எடுத்துப் பானையின் உட்புறத்தில் நாலு இழைப்பு இழைப்பார்கள். மறுநாள் காலையில் மண்ணெல்லாம் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும். சந்தேகம் இருந்தால் கொதிக்க வைப்பார்கள். இவ்வளவோடு தண்ணீர் சாஸ்திரம் முடிந்துவிட்டது.

இன்று அது முடியவில்லை. சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிற நெடுஞ்சாலையில் வாணியம்பாடியைத் தாண்டிச் சில மைல் போனால் நாட்றம்பள்ளி வரும். ஒரு பக்கம் ஏலகிரி மலை எழுந்து நிற்கும். மேற்கே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லை. இந்த வட்டாரத்தில் எந்தக் கடை வாசலிலும் இருபது லிட்டர் கேன்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கொஞ்சம் வசதியுள்ள வீட்டில் அடுப்படிச் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறது, பெயர் ஆர்.ஓ. ஒரு குழாய் வழியாக நல்ல தண்ணீரையும், இன்னொரு குழாய் வழியாக வேண்டாத தண்ணீரையும் அது பிரித்துத் தருகிறது.

அப்படிப் பெட்டி மாட்டிய வீடு ஒன்றில், என் நண்பரின் தாயார் என்னிடம் கேட்டார்கள்: "ஏம்ப்பா, கதையெல்லாம் எழுதறியே, இதைச் சொல்லு. இந்தத் தண்ணி குடிச்சா எலும்புல இருக்கிற சத்தெல்லாம் போயிடும்னு சொல்றாங்களே, நெசமா?"

"விசாரிச்சுட்டு வந்து சொல்றேம்மா" என்றேன். கல்லூரியில் இரண்டு வருஷம் மட்டும் ரசாயனம் படித்தவன் வேறு என்ன சொல்ல முடியும்? விசாரித்துப் பார்த்தபோது அது வைத்தியக் கேள்வியாக மட்டும் நிற்கவில்லை. பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் ஒன்று வால் பிடித்துக்கொண்டு வந்தது.

கதை பாலாற்றிலிருந்து ஆரம்பமாகிறது. மைசூர்ச் சீமையின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திர மண்ணைக் கொஞ்ச தூரம் தொட்டுக்கொண்டு, வாணியம்பாடிக்கு மேற்கே புல்லூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஆறு அது. மைசூர் சமஸ்தானமும் சென்னை ராஜதானியும் 1892-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாற்றின் பெயரும் உண்டு. வருஷத்தில் பெரும்பகுதி மேலே மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடும். கையால் தோண்டினால் ஊற்று சுரக்கும். ஆற்றோரக் கிணறுகளும் தென்னந்தோப்புகளும் அந்த மறைவான ஓட்டத்தை நம்பித்தான் இருந்தன.

அதே தண்ணீரை நம்பித்தான் தோல் தொழிலும் ஆற்றங்கரைக்கு வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று சங்கிலிபோல் தோல் ஷாப்புகள் ஏற்பட்டன. பழைய முறை என்ன தெரியுமா? தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப் போட்டு, மயிரைச் சுரண்டி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கலந்த சாற்றில் வாரக் கணக்கில் ஊற வைப்பார்கள். இப்படிப் பதனிட்ட சரக்கு கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. நாற்றம் இருந்தது, அழுக்கும் இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி மண்ணில் மக்கக்கூடிய அழுக்கு.

அமெரிக்காவில் 1884-ல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர், குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னையில் அதைப் பரீட்சை செய்து பார்த்தார். வாரக் கணக்கில் நடந்த வேலை நாள் கணக்கில் முடிந்தது. இருந்தும் நம் பக்கத்தில் அது உடனே பரவிவிடவில்லை. 1970களில், கச்சாத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை மத்திய அரசாங்கம் கட்டுப்படுத்திற்று. முழுச் சரக்காகச் செய்து அனுப்பினால் நாட்டுக்கு லாபம் என்பது எண்ணம். எண்ணத்தில் தவறில்லை. லாபமும் வந்தது, ஆம்பூரின் பூட்ஸ் உலகமெங்கும் நடந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, மாதச் சம்பளம் என்ற ஒன்று கிடைத்தது. ஆனால் குரோமியமும் பெருகிற்று, உப்பும் பெருகிற்று.

குரோமியத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். உப்பைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. உரித்த தோல் அழுகாமலிருக்க அதன்மேல் சாதாரணக் கறியுப்பைத்தான் அள்ளித் தேய்க்கிறார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. கழுவிய தண்ணீர் எங்கே போகும்? குரோமியத்தை ரசாயனம் போட்டு வண்டலாகப் படிய வைத்துவிடலாம். உப்பு படியாது. தண்ணீரோடு தண்ணீராக மணலுக்குள் இறங்கி, கிணற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தென்னை வாடிற்று; நெல் கருகிற்று; குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் அடுத்த ஊருக்கு நடந்தார்கள்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டது. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பைச் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். அதில் வருகிற கணக்குகளைப் பாருங்கள்: ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் உபயோகமாகும் ரசாயனங்கள் 170 வகை, முழுமையாகவோ பாதியாகவோ பாழான நிலம் 35,000 ஹெக்டேருக்குப் பக்கம். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொல்லிற்று. டேனரி ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. அதன்படி ஏற்பட்ட ஆணையம், 29,000-க்கு மேற்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர வேண்டுமென்று 2001-ல் முடிவு செய்தது. அதன் பிறகும் வழக்கு தீரவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் தேதி அதே சுப்ரீம் கோர்ட்டு, பாலாற்றைப் பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பாக்கி நஷ்டஈட்டை அரசாங்கமே ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, பிறகு கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் மனுவுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 34 வருஷங்கள். மனுப் போட்ட வருஷம் பிறந்த குழந்தை தன் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கும். அதுவரையில் அது எந்தத் தண்ணீரைக் குடித்தது?

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கேனும் பெட்டியும் வந்து சேர்ந்தன. பெட்டியின் பூர்வோத்தரமும் சுவாரஸ்யமானது. 1748-ல் பிரான்ஸ் தேசத்துப் பாதிரியார் நொல்லே, சாராயச் சத்து நிரம்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் முக்கி வைத்தார். தண்ணீர் அந்தத் தோலை ஊடுருவி உள்ளே போய், தோலைப் பந்துபோல் உப்ப வைத்தது. இதற்குத்தான் சவ்வூடு பரவல் என்று பெயர். நீர்த்த பக்கத்திலிருந்து செறிந்த பக்கத்துக்குத் தண்ணீர் போவது இயற்கை. உப்புப் பக்கத்திலிருந்து பலமாக அழுத்தினால் தண்ணீர் திரும்பி வராதா? உப்பை விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் வராதா?

வரும். அதற்கேற்ற சவ்வுதான் வெகுகாலம் கிடைக்கவில்லை. 1950களில் புளோரிடாவில் ரீட் என்பவரும் அவருடைய கூட்டாளியும், செல்லுலோஸ் அசிடேட் தாள் உப்பை நிறுத்தித் தண்ணீரை விடுகிறது என்று கண்டார்கள். ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. 1960-ஐ ஒட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் கூடத்தில் சிட்னி லோப் என்ற அமெரிக்கரும், இந்தியாவிலிருந்து போன ஸ்ரீநிவாச சௌரிராஜனும் சேர்ந்து அந்தத் தாளுக்கு ஒரு வழி செய்தார்கள். ஒரு பக்கம் மெல்லிய தோல், அதற்கு அடியில் பஞ்சுபோல் துளைகள். இப்படி அமைத்ததும் தண்ணீர் பல மடங்கு வேகமாக வந்தது. திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கிய ஒருவர் உலகத்தின் உப்பைப் பிரிக்க வழி செய்தார் என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

1965-ல் கலிபோர்னியாவில் கோலிங்கா என்ற சிற்றூரில் அந்தச் சவ்வு முதன்முதலாக ஓர் ஊருக்கே குடிநீர் தந்தது. அந்த ஊரின் நிலத்தடி நீர் அத்தனையும் உப்பு. 1959-க்கு முன்னால் அங்கே குடிநீர் ரயிலில் வந்துகொண்டிருந்தது. இதைப் படித்ததும் எனக்கு ஜோலார்ப்பேட்டை நினைவு வந்தது. 2019-ல் சென்னை ஏரிகள் வற்றியபோது, ஜூலை 12-ஆம் தேதி ஐம்பது வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் ஜோலார்ப்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குப் புறப்பட்டது. ஏற்றியது பாலாற்றுத் தண்ணீரா? இல்லை, காவிரி. மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாய் மூலம் இந்த வட்டாரத்துக்கென்று கொண்டுவந்த தண்ணீர். தன் ஆறு கெட்டதால் இரவல் தண்ணீர் குடிக்கிற சீமை, அந்த இரவலிலும் தலைநகருக்குப் பங்கு கொடுத்தது.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். ஆர்.ஓ. சவ்வு கெட்டது நல்லது பார்ப்பதில்லை. குரோமியத்தையும் கறியுப்பையும் பெரும்பாலும் தடுக்கிறது. கூடவே சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் தடுத்துவிடுகிறது. அதனால் எலும்பு கரைந்துவிடுமா? நமக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி கேழ்வரகு, கீரை, மோர் இவற்றிலிருந்துதான் வருகிறது. நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சத்துக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்குத் தண்ணீரில் வருகிற கொஞ்சமும் லாபந்தான். சத்தே இல்லாத நீரில் காய்கறி வேக வைத்தால், காய்கறியிலுள்ள உப்புச் சத்துக்களும் நீரோடு போகும். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வுரைகளும் இந்த எச்சரிக்கையைச் சொல்கின்றன.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். பெட்டிக்குள் எந்தத் தண்ணீர் போகிறது? இந்தியத் தர நிர்ணயப்படி, ஒரு லிட்டர் குடிநீரில் கரைந்திருக்கும் உப்புக்கள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு கதியில்லாவிட்டால் 2,000 வரை போகலாம். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் அந்த எல்லையை எட்டுகிறதென்றால், அல்லது டேனரிக் கழிவு கலந்ததென்றால், ஆர்.ஓ. அவசியம். இன்னொன்றும் உண்டு. பக்கத்திலுள்ள கிருஷ்ணகிரி, தர்மபுரிச் சீமையில் பாறையிலிருந்தே நிலத்தடி நீரில் புளூரைடு கரைகிறது. பல்லில் கறை ஏற்றி, எலும்பை வளைக்கிற சரக்கு அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். புளூரைடும் உப்பும் சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். அங்கேயும் சவ்வு உதவும்.

குழாயில் காவிரித் தண்ணீர் ஒழுங்காக வருகிற வீட்டில் அதே பெட்டியை மாட்டுவது வேறு சமாசாரம். அங்கே பயப்பட வேண்டியது கிருமிக்குத்தான். வடிகட்டிக் கொதிக்க வைத்தால் போதும். 500-க்குக் குறைந்த தண்ணீருக்கு ஆர்.ஓ. கூடாதென்று தடை செய்யும்படி 2019 மே மாதத்தில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசாங்கத்துக்குச் சொல்லிற்று. ஆகவே பெட்டி விற்க வருகிறவர் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடம் வேலூர் போன்ற ஊர்களில் உண்டு. பெட்டியின் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு ஒன்றுமில்லை. இதைத்தான் அந்த அம்மாவிடமும் சொன்னேன்.

"அப்ப அந்த இன்னொரு குழாயில போற தண்ணி?" என்று கேட்டார்கள் அவர்கள். சாதாரண வீட்டுப் பெட்டி ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர, இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடுகிறது. அதில் பாத்திரம் கழுவலாம், தரை துடைக்கலாம்; செடிக்கு ஊற்றினால் உப்புப் பூக்கும். கடைசியில் சாக்கடை வழியாக அது மண்ணுக்குத்தான் திரும்புகிறது. கிணற்றில் இருந்த உப்பு மறுபடியும் கிணற்றைப் பார்த்துப் புறப்படுகிறது.

இந்தப் பிரச்சினை வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. டேனரிகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் கடந்த பல வருஷங்களாக இதே சவ்வுகள்தான் வேலை செய்கின்றன. கழிவு நீரைச் சவ்வில் பிழிந்து நல்ல நீரைத் திரும்ப உபயோகிக்கிறார்கள். மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் ரசாயனம் கலந்த அந்த உப்பை யார் வாங்குவார்கள்? கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. மழைக்கும் ஆற்றுக்கும் எட்டாமல் அதை எத்தனை காலம் காவல் காப்பது?

சவ்வு எதையும் அழிப்பதில்லை. இங்கிருப்பதை அங்கே தள்ளுகிறது, அவ்வளவுதான். உப்பு போடாமலே தோலைக் குளிரூட்டிக் காப்பது, உப்பைக் குறைத்துப் பதனிடுவது என்று சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அவையெல்லாம் ஷாப்புக்கு ஷாப்பு பரவ வேண்டும். பாலாற்று மணலில் சிறு பிள்ளைகள் கையால் ஊற்றுத் தோண்டிக் குடித்த காலத்தைப் பார்த்தவர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வாங்க முடிந்தவன் வீட்டுச் சுவரில் பெட்டி இருக்கிறது. வாங்க முடியாதவன் என்ன குடிக்கிறான் என்று அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.