பனிக்கால டயர்: சங்கிலியிலிருந்து மென்ரப்பர் வரை

பனிக்கால டயர் என்பது வெண்பனியும் பனிக்கட்டியும் மூடிய சாலைகளில் வழுக்காமல் ஓடுவதற்கென்றே செய்யப்படும் டயர். வானகரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் வண்டிக் கண்ணாடியில் படியும் ஈரம்தான். இந்த டயருக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் கனடா, நார்வே, ஜெர்மனி போன்ற நாடுகளில் தமிழர்கள் குடியேறிய பிறகு, பனியில் ஓட்டும் சிறிய காருக்கு எந்த டயர் என்பது தமிழ்க் குடும்பங்களின் கேள்வியும் ஆகிவிட்டது. அதற்கான விடை டயரின் வரலாற்றில் இருக்கிறது.

வெயில் நாட்டு மரபு

சென்னையின் மேற்குப் புறநகர் டயரை நன்கு அறிந்த பகுதி. மேற்கு வங்கத்தின் சாகாகஞ்சில் ஆலை நடத்திவந்த டன்லப் நிறுவனம், 1959இல் தன் இரண்டாவது இந்திய ஆலையை அம்பத்தூரில் தொடங்கியது. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகப் பிறந்த மெட்ராஸ் ரப்பர் பாக்டரி, 1950களில் ரீட்ரேடிங் ரப்பருக்கும், 1960களில் டயருக்கும் வந்தது. வானகரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் எட்டும் திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இன்று பெரிய டயர் ஆலைகள் இயங்குகின்றன.

நம் சாலைக்கான டயர் வெயிலையும் பாரத்தையும் தாங்க வேண்டும். சுடும் தாரில் சீக்கிரம் தேயாதிருக்க அதன் ரப்பர் கெட்டியாக இருக்கும். ஆகவே டயரைச் சோதிக்க நாம் பழகியிருப்பது ஒரே முறை: பட்டன் இருக்கிறதா, மொட்டையாகிவிட்டதா என்று பார்ப்பது. குளிர் நாட்டில் இந்தச் சோதனை மட்டும் போதாது.

மூன்று கட்டங்கள்

பனியில் சக்கரம் வழுக்குவதைத் தடுக்க முதலில் வந்தது சங்கிலி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர் 1904இல் டயர்ச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். சங்கிலி கனத்த பனியில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வெறும் சாலை வந்ததும் கழற்றியாக வேண்டும். இமயமலையில் இன்றும் இதுவே வழக்கம். 2020இல் திறக்கப்பட்ட மணாலி அடல் சுரங்கப் பாதை வழியாகப் பனிக்காலத்தில் செல்லும் சிறிய கார்கள் சங்கிலியை எடுத்துச் செல்வது நல்லது.

இரண்டாவது கட்டம் பட்டனின் வடிவம். பின்லாந்து ரப்பர் நிறுவனம் ஒன்று 1934இல் லாரிகளுக்கென்று முதல் பனிக்கால டயரைச் செய்தது. 1936இல் கார்களுக்கான ஹக்கபெலிட்டா டயரை வெளியிட்டது. ஆழமான குறுக்குப் பள்ளங்கள் பனியைக் கவ்வித் தள்ளின. 1960களில் டயரில் உலோக ஆணிகள் பதிக்கும் முறை பரவியது. ஆணிகள் பனிக்கட்டியைப் பிடித்தன, ஆனால் சாலையையும் பெயர்த்தன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1971இல் ஆணி டயரைத் தடைசெய்தது. பின்னர் வடபகுதிக்கு மட்டும் தளர்த்தியது.

மூன்றாவது கட்டமே இன்றைய டயரைத் தீர்மானித்தது. அது ரப்பர்க் கலவையில் வந்த மாற்றம். ரப்பர் குளிரக் குளிர விறைக்கும். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே கோடை டயர் இறுகி, சாலையோடு ஒட்டும் தன்மையை இழக்கத் தொடங்கும். 1990களில் கலவையில் சிலிகா சேர்ப்பது பரவியதும், கடுங்குளிரிலும் இளக்கமாக இருக்கும் டயர் எளிதாயிற்று. பட்டன் முழுதாக உள்ள புதிய கோடை டயர்கூடப் பனியில் வழுக்குவதன் காரணம் இதுதான்.

அடையாளமும் சட்டமும்

பக்கச் சுவரில் உள்ள எம்+எஸ் என்ற எழுத்துகள் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் அமைப்பை மட்டுமே குறிக்கும். அதைத் தயாரிப்பாளரே பொறித்துக்கொள்ளலாம். 1999இல் வட அமெரிக்காவில் அறிமுகமான குறி வேறு: மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள். பனிச்சாலைச் சோதனையில் தேறிய டயருக்கே அது உரியது. கியூபெக் மாகாணம் 2008 டிசம்பரில் பனிக்கால டயரைக் கட்டாயமாக்கியது. 2014 முதல் இந்தக் குறியைக் கோருகிறது. 2019 முதல் டிசம்பர் 1 தொடங்கி மார்ச் 15 வரை என்று காலத்தை நீட்டியது. ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் பனிக்கால டயர் பூட்டியவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்பது 2016 முதல் விதி.

சிறிய காருக்கு எது?

1983 கலவரத்துக்குப் பின் ஈழத் தமிழர் பலர் டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும், நார்வேயின் வடகோடி மீன் ஆலைகள் உள்ள ஊர்களிலும் குடியேறினர். பின்னர் தமிழ்நாட்டிலிருந்து படிக்கவும் வேலைக்கும் சென்றவர்கள் சேர்ந்தார்கள். புதிதாக வந்தவர் வாங்குவது பெரும்பாலும் பழைய சிறிய கார். இவற்றில் பல முன்சக்கர இயக்கம் கொண்டவை என்பதால், செலவைக் குறைக்க முன்னால் மட்டும் இரண்டு பனி டயர் போடத் தோன்றும். இது ஆபத்து. முன்பக்கம் பிடித்து நிற்க, பின்பக்கம் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

அகலமான டயர் நன்றாகப் பிடிக்கும் என்ற எண்ணமும் பனியில் சரிவராது. எடை குறைந்த வண்டியில் குறுகிய டயர் பனியை அறுத்துக்கொண்டு இறங்கும். அகல டயர் அதன்மேல் மிதக்கும். எனவே வண்டித் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுகளில் குறுகியதைத் தேர்வது நல்லது. தேய்மானக் கணக்கும் வேறு. இந்தியாவில் கார் டயருக்குக் குறைந்தபட்சப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர், நார்வேயில் பனிக்காலத்துக்கு 3 மில்லிமீட்டர். குளிரில் காற்றழுத்தமும் இறங்கும் என்பதால் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பழைய டயரே நன்றாக இருக்கும்போது எதற்கு நான்கு புதிய டயர் என்று பிள்ளைகளை இங்கிருந்தே தடுக்கும் பெற்றோர் உண்டு. வெயில் ஊரின் சிக்கனம் அது; நம் சாலைக்குச் சரி. ஆனால் குளிரில் டயரின் முதல் தகுதி இளக்கம், பட்டன் அடுத்ததுதான். செலவும் இரட்டிப்பாவதில்லை. பனி டயர் ஓடும் மாதங்களில் கோடை டயர் தேயாமல் கிடக்கும். இரண்டும் மாறிமாறி உழைப்பதால் ஒவ்வொன்றும் கூடுதல் ஆண்டுகள் வரும்.