தோல்வி காணாத பதினொருவர்

சரித்திரக் கட்டுரை என்றதும் சோழர் கடற்படையையோ, சங்கிலி மன்னனின் போரையோ எதிர்பார்க்கும் பெரியோர் பொறுத்தருள வேண்டும். இங்கே சொல்லப்போவது ஓர் உதைபந்தாட்டச் சரித்திரம். விளையாட்டுக்கும் சரித்திரத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் இதனை இறுதிவரை படித்துத் தீர்ப்புச் சொல்வார்களாக.

1897-ஆம் ஆண்டு சனவரி 15-ந் தேதி கொழும்புத் துறையில் இறங்கிய சுவாமி விவேகானந்தர், அடுத்த மாதம் சென்னையில் பேசுகையில், கீதையைப் படிப்பதைக் காட்டிலும் உதைபந்தாடுவதால் இளைஞர் சுவர்க்கத்தை அதிகம் நெருங்கலாம் என்னும் கருத்தை வெளியிட்டார். இது கீதையை இகழ்ந்த பேச்சன்று. தசைநார்களில் உறுதி ஏறியவனுக்கே கீதையின் பொருள் நன்கு விளங்கும் என்பது அவர் தந்த விளக்கம். அவர் பேசிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, அவர் பிறந்த கல்கத்தா நகரமே அதற்கு உரை எழுதியது.

அந்நகரின் வடபகுதியில் 1889-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ந் தேதி மோகன் பகான் என்னும் கழகம் தோன்றியது. பின்னர் 1914-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கிய பூபேந்திரநாத் வசு அதன் முதல் தலைவர். இந்தியர் ஆங்கிலேயரைப் பந்தாட்டத்தில் வெல்ல முடியும் என்பதை 1892-இலேயே சோவாபஜார் கழகத்தார் ஒரு பட்டாளக் குழுவை வீழ்த்திக் காட்டியிருந்தனர். ஆயினும் 1893-இல் தொடங்கிய ஐ. எப். ஏ. கேடயம் மட்டும் ஆண்டுதோறும் வெள்ளையர் கையிலேயே இருந்து வந்தது. மோகன் பகான் 1906 முதல் 1908 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டிரேட்ஸ் கிண்ணத்தை வென்று பழகிய பின்னரே அந்தப் பெரிய கேடயத்தின் மேல் கண் வைத்தது.

1911-ஆம் ஆண்டுப் போட்டியில் அது சந்தித்த எதிரிகளைப் பாருங்கள். முதலில் சென்ற் சேவியர் கல்லூரி. மூன்றுக்குச் சூனியம் என வெற்றி. அடுத்து றேஞ்சர்ஸ் குழு, இரண்டுக்கு ஒன்று. பின்பு றைபிள் பிரிகேட் என்னும் பட்டாளம், ஒன்றுக்குச் சூனியம். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படையினரோடு ஒன்றுக்கொன்று சமநிலை. மறுபடி ஆடியபோது மூன்றுக்குச் சூனியம். ஐந்து ஆட்டம் முடிந்தும் தோல்வி இல்லை.

யூலை 29-ந் தேதி இறுதியாட்டம். எதிரிகள் ஈஸ்ற் யோர்க்ஷயர் படையினர். தூர ஊர்களிலிருந்து புகைவண்டியிலும் படகிலும் சனங்கள் வந்து குவிந்தனர். மைதானத்தைக் காண இயலாமல் நின்ற ஆயிரக்கணக்கானோருக்குக் காற்றாடிகளைப் பறக்கவிட்டு ஆட்ட நிலவரம் அறிவித்தார்களாம். முதற் கோல் படையினருக்கே கிடைத்தது. தலைவர் சிப்தாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருக்கையில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். ஆறு ஆட்டங்களிலும் சேர்த்துப் பன்னிரண்டு கோல்கள் அடித்து, மூன்றே மூன்று வாங்கியிருந்தனர்.

பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். சப்பாத்து அணிந்த ஒருவர் சுதிர் சட்டர்ஜி. அவர் கிறிஸ்தவர்; பின்னாளில் குருத்துவப் பணி ஏற்றவர். இதனை நாம் சிந்திக்க வேண்டும். இந்து வாலிபர் சங்கத்து மலரில் இதை இந்துக்களின் வெற்றி என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது. கல்கத்தா முஸ்லிம்களும் அன்று மகிழ்ந்தார்கள். அவர்களுடைய பத்திரிகையும் பாராட்டி எழுதியது. மிஷன் பாடசாலைகளில் படித்த எம்மைப் போன்றோர், பந்தை உதைக்க அங்கே கற்றோம் என்று சொல்ல நாணவேண்டியதில்லை. கற்ற இடம் எதுவாயினும், காலும் மூச்சும் நம்முடையவையே.

1905-இல் வங்காளத்தைத் துண்டாடியதால் புண்பட்டிருந்த மக்களுக்கு இவ்வெற்றி மருந்தாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 12-ந் தேதி டில்லி தர்பாரில் பிரிவினை நீக்கப்பட்டபோது, பந்தாட்டமே அதனைச் சாதித்தது என்று பேசியவரும் உண்டு. அது மிகை. ஆறு ஆண்டுக் கிளர்ச்சியின் பலனைப் பதினொருவர் தலையில் ஏற்றலாகாது. ஆங்கிலேயன் வெல்ல முடியாதவன் என்ற அச்சத்தை ஒரு மாலைப்பொழுதில் போக்கினார்களே, அதுவே போதாதா?

இன்னுமொரு பாடம் உண்டு. வெறுங்கால் பெருமையிலேயே மயங்கி நின்றிருந்தால் முன்னேற்றம் இல்லை. மழைச் சேற்றில் சப்பாத்தின் பயனை உணர்ந்து அணிந்த முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்றது. மோகன் பகானோ அக்கேடயத்தை மறுபடி கைப்பற்ற 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒருமுறை வென்றோம் என்ற நினைவு அடுத்த வெற்றியைத் தேடித் தராது.

பெரியோரே, மாலையில் மைதானத்துக்கு ஓடும் பிள்ளையைப் படிப்பைக் கெடுக்கிறான் என்று தடுக்காதீர்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்கு முற்றமே அரிது. ஆடுவதற்கு ஓரிடம் தேடிக் கொடுப்பதும் சமயத் தொண்டுதான். தோழர்களே, நீங்களும் மழை வந்தது, பரீட்சை வந்தது என்று பயிற்சிக்கு வராமல் நின்றுவிட்டு, ஆட்டத்தன்று மட்டும் முன்வரிசையில் நிற்காதீர்கள். அந்தப் பதினொருவரும் கேடயத்தை வென்றது ஒரே நாளில் அன்று; அதற்கு முன் யாரும் பார்க்க வராத எத்தனையோ மாலைகளில்.